என்கிளெக்ஸில் தவறிய பிறகு: குமரி மாவட்டச் செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வை முதல் முறை எழுதி, தேறவில்லை என்ற முடிவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். நெய்யூரில் 1838இல் மருத்துவ மிஷன் தொடங்கிய காலத்திலிருந்தே ஆஸ்பத்திரி என்பது இந்த மாவட்டத்துக்குப் பழகிய இடம்; நர்ஸ் படிப்பு மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கருங்கலிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த படிப்பு. அதனாலேயே ஒருத்தி தேர்வு எழுதப் போன செய்தியும் வீட்டுக்கு வீடு தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "மக்ளே, எப்பம் போற?" என்று நான்கு பேராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவுகள்தாம், தேர்வில் தவறியதைவிட அதிகச் சேதத்தை உண்டாக்குகின்றன என்பது என் அனுபவம்.

முதல் இரண்டு வாரம்

முடிவு வந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, யாருக்கும் பணம் கட்டாதீர்கள். மற்றொன்று, செய்துகொண்டிருக்கும் வேலையை விடாதீர்கள்.

தவறிய செய்தி பரவிய மூன்றாம் நாளே ஒரு பயிற்சி மையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டு நான்கு மாதம் விடுதியில் தங்கிப் படித்தால் தேர்ச்சி உறுதி என்றார்கள். நான் அம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டினேன். இரண்டு வாரத்தில் அங்கே நடப்பது பழைய குறிப்புகளை வாசித்துக் காட்டுவதுதான் என்று தெரிந்தபோது, கட்டிய பணம் திரும்பி வராது என்பதும் தெரிந்தது. உறுதியான தேர்ச்சி என்று ஒன்று இந்தத் தேர்வில் கிடையாது. தேர்வில் வந்த கேள்விகளை நினைவிலிருந்து எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விற்பவர்களிடமும் போகாதீர்கள். கேள்விகளை வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்ட பிறகுதான் ஒவ்வொருவரும் தேர்வு எழுதுகிறார்கள், அதை மீறினால் முடிவே ரத்தாகலாம்.

வேலையை விடக் கூடாது என்பதற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. தேர்வை மறுபடி எழுதலாம், ஆனால் நோயாளியின் படுக்கையருகே நின்ற அனுபவத்தில் இடைவெளி விழுந்தால், வளைகுடாவாக இருந்தாலும் இங்கிலாந்தாக இருந்தாலும், நேர்காணலில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நைட் டூட்டி பார்த்துக்கொண்டு படிப்பது கடினம் என்பது உண்மைதான். அப்படியானால் ஆறு மாதத்துக்கு நைட் குறைத்துத் தரும்படி நர்சிங் சூப்பிரண்டிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நான் கேட்டேன், திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். மாதம் நான்கு நைட்டாகக் குறைத்துத் தந்தார்கள்.

வீட்டில் ஒரே முறை, எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொருவரிடமாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோற்பதுபோல் இருக்கும். தூக்கம் வராமலோ, சாப்பாடு இறங்காமலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ (டெலி மானஸ்) அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நோயாளிக்கு இதைச் சொல்லத் தெரிந்த நாம் நமக்குச் சொல்லிக்கொள்வதில்லை.

அறிக்கையைப் படிப்பது

தவறியவர்களுக்கு மட்டும் ஓர் அறிக்கை வரும். அதைச் சுருக்கமாக சி.பி.ஆர். என்பார்கள். சி.பி.ஆர். என்றதும் நமக்கு நெஞ்சை அழுத்துவதுதான் நினைவுக்கு வரும் என்றாலும், இதுவும் ஒரு வகையில் உயிர் கொடுக்கிற தாள்தான். பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. எத்தனை கேள்விக்கு விடை எழுதினீர்கள் என்ற எண்ணும், எட்டுப் பாடப்பகுதிகளில் ஒவ்வொன்றிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என எங்கே இருந்தீர்கள் என்பதும் அதில் இருக்கும்.

முதலில் எண்ணைப் பாருங்கள். இந்தத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150 கேள்வி, நேரம் 5 மணி. உங்கள் விடைகளைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி கூட்டும், குறைக்கும். நீங்கள் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதில் 95 விழுக்காடு உறுதி வந்தவுடன் நிறுத்திவிடும். ஆகவே 85இல் நின்று தவறினால், கோட்டுக்குத் தெளிவாகக் கீழே இருந்தீர்கள் என்று பொருள். அடிப்படைப் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும். 150 வரை போய்த் தவறினால், கடைசி வரைக்கும் கணினியால் முடிவு செய்ய முடியாத அளவுக்குக் கோட்டை ஒட்டியே இருந்தீர்கள் என்று பொருள். என்னுடையது 150. அதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் நான் முதன்முறையாகச் சரியாகத் தூங்கினேன். நேரம் போதாமல் முடிந்தது என்றால் கதை வேறு. அங்கே குறை அறிவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

அடுத்தது எட்டுப் பகுதிகள். எல்லாவற்றையும் சமமாகப் படிக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டத்தில், பராமரிப்பு நிர்வாகம் என்ற பகுதிக்கு மட்டும் 15 முதல் 21 விழுக்காடு கேள்விகள்; மருந்தும் ஊசி வழி சிகிச்சையும் 13 முதல் 19 விழுக்காடு. இந்த இரண்டிலும் நீங்கள் "கீழே" என்றால், மற்ற ஆறிலும் "மேலே" வந்தாலும் தேறுவது கடினம். நம் மாவட்டத்திலிருந்து எழுதிய என் தோழிகள் ஐந்து பேருடைய அறிக்கைகளையும் ஒரு நாள் மேசையில் பரப்பிப் பார்த்தோம். ஐந்திலும் பராமரிப்பு நிர்வாகம் கீழே இருந்தது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நம் வார்டும் அவர்கள் தேர்வும்

நம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் என்றால் எல்லாம் அவள்தான். ஊசி போடுவது, நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுவது, டிரிப் மாற்றுவது, உறவினருக்குப் பதில் சொல்வது, சில நேரம் டிராலி தள்ளுவது. அமெரிக்க மருத்துவமனையில் பதிவுபெற்ற செவிலியர், அவருக்குக் கீழே எல்.பி.என். எனப்படும் அடுத்த நிலை உரிமச் செவிலியர், அவருக்குக் கீழே உதவியாளர் என்று படிகள் உண்டு. எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கவே கூடாது என்பதுதான் பராமரிப்பு நிர்வாகப் பகுதியில் வரும் முக்கியக் கேள்வி. உடல்நிலை சீராக இருப்பவருக்கு நாடித்துடிப்பு பார்ப்பதை உதவியாளரிடம் கொடுக்கலாம். முதல் மதிப்பீட்டையும் வீட்டுக்குப் போகும் நோயாளிக்குச் சொல்லித்தருவதையும் கொடுக்கக் கூடாது. நமக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒப்படைத்துப் பழக்கமில்லை.

ஆறுதல் சொல்வதிலும் இப்படித்தான். "ஒண்ணும் ஆகாது மக்ளே, எல்லாம் சரியாயிடும்" என்று கையைப் பிடித்துச் சொல்வது நம் ஊரில் நல்ல நர்ஸுக்கு அடையாளம். தேர்வில் அது எப்போதும் தவறான விடை. பொய் நம்பிக்கை கொடுப்பது, நோயாளியின் பயத்தைப் பேச விடாமல் மூடுவது என்று அதற்குப் பெயர். நோயாளியிடம் நோயின் பெயரை மறைக்கும்படி மகன் கேட்டுக்கொண்டால், நாம் தலையாட்டுவோம். அங்கே அது நோயாளியின் உரிமை மீறல். எது சரி என்று வாதிட இது இடமில்லை (என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் முதல் வகை நர்ஸைத்தான் நான் தேடுவேன்), ஆனால் தேர்வு அறையில் எந்த ஊர் நர்ஸாக உட்கார வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம்.

மருந்துப் பெயர்களும் இதே கணக்குதான். பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபினெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், சால்புட்டமால் அல்புட்டெரால். பத்து வருடமாகக் கையில் எடுத்த மருந்தைப் பெயர் மாறியதால் அடையாளம் தெரியாமல் விட்டவர்கள் உண்டு. மருந்துகளின் பெயர் மாற்றப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது.

தவறுகளுக்கு ஒரு நோட்டு

படிப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே முறை இதுதான். மற்றவையெல்லாம் அவரவர் வசதி. பயிற்சிக் கேள்விகளில் தவறாகச் சொன்னவற்றுக்கு மட்டும் ஒரு நீள நோட்டு போடுங்கள். நான் எதைத் தேர்ந்தேன், ஏன் தேர்ந்தேன், கேள்வியில் எந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை, தெரியாமல் தவறினேனா தெரிந்தே தவறினேனா என்று நான்கு பத்தி.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற வகைக் கேள்வி. குடலிறக்க அறுவை முடிந்து வலி பத்துக்கு ஏழு என்று சொல்பவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடு உள்ளவர். ஆறு மணி நேரத்துக்கு முன் தைராய்டு அறுவை முடிந்து இப்போது மூச்சில் சத்தம் கேட்பவர். சர்க்கரை 220 உள்ளவர். நான் இரண்டாமவரைத் தேர்ந்தேன். எங்கள் வார்டில் 90 என்று மானிட்டர் காட்டினால் எல்லோரும் ஓடுவோம். ஆனால் அந்த நோய்க்கு 88 முதல் 92 வரை எதிர்பார்க்கக்கூடிய அளவு. தைராய்டு அறுவைக்குப் பின் மூச்சில் சத்தம் என்பது எதிர்பாராதது, மூச்சுவழி அடைபடுவதன் அறிகுறி. என் நோட்டில் மூன்றாம் பத்தியில் "சத்தம்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதியிருக்கிறேன், நான்காம் பத்தியில் "தெரிந்தே". இப்படி நூற்று எண்பது பதிவு சேர்ந்தபோது, என் தவறுகளில் பாதிக்கு மேல் "தெரிந்தே" வகை என்று தெரிந்தது. புதிய புத்தகம் வாங்கியிருந்தால் அந்தப் பாதி அப்படியே இருந்திருக்கும்.

பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளுக்கு இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் தவறான ஒன்றைச் சேர்த்தால் சரியானதில் ஒன்று கழியும். சந்தேகமானதையும் சேர்த்து வைப்போம் என்ற பழைய உத்தி இனி உதவாது.

மறுபடி எழுத 45 நாள் இடைவெளி கட்டாயம். 45ஆம் நாளே எழுதிவிட வேண்டும் என்பதில்லை. வேலை பார்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால், 12 வாரத்தில் 144 மணி நேரம் கிடைக்கும். அதற்குக் குறைவாக நான் யாருக்கும் சொல்வதில்லை. சில மாநிலங்களுக்குத் தனி விதி உண்டு. ஃபுளோரிடாவில் மூன்று முறை தவறினால் சிறப்புப் பயிற்சி முடித்த பிறகுதான் நான்காம் முறை எழுத முடியும். உங்கள் விண்ணப்பம் எந்த மாநில வாரியத்தில் இருக்கிறதோ, அதன் விதியை ஏஜென்சி வாயால் கேட்காமல் வாரியத்தின் தளத்திலேயே படியுங்கள்.

எந்த நாட்டுக்காக?

மறுபடி எழுதுவதா என்ற கேள்வியை இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும், முடிவு வந்த இரவில் அல்ல. பதிவுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதக் கூடுதலாக 150 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் 29,750 ரூபாய். எனக்கு அது ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். இதைக் கட்டித் தேறினால் எங்கே போகப்போகிறீர்கள்?

அமெரிக்கா என்றால், தேர்ச்சிக்கும் விமானத்துக்கும் நடுவே நீண்ட வரிசை இருக்கிறது. செவிலியர்கள் போகும் ஈபி-3 என்ற குடியேற்றப் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான காத்திருப்பு, ஆண்டுக் கணக்கில் என்பதைவிட பத்தாண்டுக் கணக்கில் என்று சொல்வதே பொருந்தும். வரிசையில் இடம் பிடிக்கவாவது சீக்கிரம் தேற வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு; 24 வயதில் அது நியாயமான வாதம், 36 வயதில் இரண்டு பிள்ளைகளோடு யோசிக்க வேண்டிய வாதம். நான் இரண்டாம் முறை தேறினேன். இன்னும் நாகர்கோவிலில்தான் டூட்டி பார்க்கிறேன்.

இதே தேர்ச்சிக்கு வேறு வாசல்களும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் இதுவேதான் பதிவுத் தேர்வு. ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டில் படித்தவர்களில் ஒரு பிரிவினர் இந்தத் தேர்வில் தேறிய பிறகு அங்கே செய்முறைத் தேர்வு எழுதிப் பதிவு பெறுகிறார்கள். இந்த இரண்டில் ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால் மறுபடி எழுதுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

வளைகுடா மட்டும்தான் நோக்கம் என்றால், அதற்கு இந்தத் தேர்வே தேவையில்லை. துபாய்க்கும் அபுதாபிக்கும் சவூதிக்கும் தனித்தனித் தேர்வுகள். நேரடிக் கேள்விகள், குறைந்த நேரம். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ வேறு, தேர்வு வேறு. இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வோடு, கணக்கில் 15 கேள்வியும் பாடத்தில் 100 கேள்வியும் கொண்ட கணினித் தேர்வு ஒன்று இங்கேயே எழுதலாம். செய்முறைத் தேர்வு அங்கே போன பிறகு. ஜெர்மனிக்கு முதல் தடை மொழிதான். பி2 நிலை வரை ஜெர்மன் படிக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. உள்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வும் இருக்கின்றன. நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். என்கிளெக்ஸ் பழக்கத்தில் ஊகித்து எழுதினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் ஏஜென்சியின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளை மாதம் ஒரு முறை பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால்

நிறுத்துவதும் ஒரு முடிவுதான், அதற்கும் செய்முறை உண்டு. ஏஜென்சியிடம் கொடுத்த அசல் சான்றிதழ்களை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த முகவருக்கும் உரிமை இல்லை. மாநிலச் செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியிலிருந்து வாங்கிய மதிப்பெண் ஆவணங்களின் நகல்களைத் தூக்கி எறியாதீர்கள். வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவையே மறுபடி தேவைப்படும். அடகில் இருக்கும் நகைக்கு வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அன்றே கணக்குப் பாருங்கள்.

மறுபடியும் தேர்வுக்கு டேட் எடுக்கும்போது

பெயர் விஷயத்தை முதலில் சரிபாருங்கள். நம் சான்றிதழில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, விண்ணப்பத்தில் இரண்டும் இடம் மாறி என்று இருப்பது சாதாரணம். தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும்.

இடைவேளை எடுத்தாலும் 5 மணி நேரக் கடிகாரம் நிற்காது. அதற்காக எடுக்காமல் இருக்காதீர்கள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் திரையே கேட்கும், எழுந்து முகம் கழுவி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முதல் முறை நான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, இரவெல்லாம் மேல் படுக்கையில் கைப்பேசி வெளிச்சத்தில் குறிப்பு வாசித்து, காலையில் எழும்பூரில் இறங்கி, ரயில் நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு நேராகத் தேர்வுக்குப் போனேன். நூறாவது கேள்விக்குப் பிறகு எழுத்துகள் நீந்தத் தொடங்கின. இரண்டாம் முறை முந்தைய நாளே போய், தாம்பரத்தில் சித்தி வீட்டில் தயிர்ச்சோறு சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டேன். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.